பீர்க்கங்கூடு போலொரு இதயம்: பிறவித் தசைக் கோளாறை அறிவது எப்படி?

வையம்பட்டிப் பக்கம் சாவுச் செய்தி வந்தால், காரணம் பெரும்பாலும் இரண்டே சொல்லில் முடிந்துவிடும்: "நெஞ்சடைச்சுப் போயிட்டார்." எழுபது வயதில் திண்ணையில் சாய்ந்தவருக்கும் அதுதான், கபடிக் களத்தில் விழுந்து எழாத பத்தொன்பது வயதுப் பையனுக்கும் அதுதான். கேட்டவர்களும் "அடப் பாவமே" என்றுவிட்டு மாலை வாங்கக் கிளம்பிவிடுவார்கள்.

மருத்துவர் பார்வையில் இவை இரண்டும் ஒரே சாவு இல்லை. எழுபது வயதுக்காரரின் நெஞ்சில் ரத்தக்குழாய் அடைத்திருக்கும் என்று ஊகிப்பது நியாயம். பத்தொன்பது வயதுக்குச் சந்தேகப் பட்டியலே வேறு. பிறக்கும்போதே இதயத் தசையில் ஒட்டிக்கொண்டு வந்த கோளாறு அந்தப் பட்டியலின் மேல்வரிசையில் நிற்கும். அப்படி ஒன்று இருந்திருந்தால், பாடையைத் தூக்கி வரும் அண்ணனுக்கோ, வாசலில் அழுகிற தங்கைக்கோ அதே கோளாறு இருக்கக்கூடும்.

அதை எப்படி அறிவது என்பதே இக்கட்டுரையின் கேள்வி. கடந்த நாற்பது ஆண்டுகளில் இந்தக் கேள்வி ஒரு விசித்திரமான வழியில் பயணப்பட்டிருக்கிறது. முதலில் நோய் கண்ணில் படாமல் தப்பியது. கருவிகள் கூர்மையானதும், நோய் இல்லாதவர்களிடமும் அது தென்படத் தொடங்கியது. ஸ்கேன் படத்தில் நடந்த இந்தத் தவறு பிறகு மரபணுவிலும் நடந்தது. இரண்டும் சேர்ந்து சொல்லும் பாடம், உடலில் இருக்கும் ஓர் அடையாளம் வேறு, நோய் வேறு என்பதே.

ஓட்டை வேறு, தசை வேறு

பிறவி இதய நோய் என்றதும் நம் ஊரில் "ஹார்ட்ல ஓட்டை" என்றுதான் புரிந்துகொள்கிறார்கள். ஓட்டை, குழாய் இடம் மாறியிருத்தல், வால்வு சுருங்கியிருத்தல் எல்லாம் கட்டட அமைப்பில் உள்ள பிழைகள். சுவரே சரியில்லாத கட்டடமும் உண்டு. அதைத்தான் இதயத் தசை நோய் என்கிறோம். சுவர் தடித்துப் போகலாம், மெலிந்து விரியலாம், விறைத்துப் போகலாம். தடித்துப்போகும் வகையே அதிகம். ஐந்நூறு பேருக்கு ஒருவருக்கு அது இருக்கலாம் என்பது பரவலாக ஏற்கப்பட்ட மதிப்பீடு. லண்டன் நோய்க்குறியியலாளர் டொனால்ட் டியர் 1958-இல் எட்டு இளையவர்களின் இதயங்களில் அதைத் தெளிவாக விவரித்தார்.

இவற்றினும் அரியதாகக் கருதப்பட்ட இன்னொரு வகை உண்டு. ஆங்கில மருத்துவத்தில் அதற்கு நான்-காம்பாக்ஷன் என்று பெயர். தமிழில் 'இறுகாத தசை' எனலாம். கொடியிலேயே முற்றிக் காய்ந்த பீர்க்கங்காயின் தோலை உரித்துவிட்டு உள்ளே பாருங்கள். வலைபின்னிய நார், நாருக்கிடையே குழி, குழிக்குள் குழி. இந்த நோயுள்ளவரின் இடது கீழறையின் உட்புறம் ஏறக்குறைய அந்தப் பீர்க்கங்கூடு போலிருக்கும். வெளிப்புறம் மெல்லிய இறுகிய தசை; உட்புறம் தடித்த, சரடு சரடான பஞ்சுத் தசை. இடுக்குகளுக்குள் ரத்தம் புகுந்து வெளிவரும். கீழறையின் நுனிப் பகுதியிலும் பக்கவாட்டுச் சுவரிலும் இது அதிகம்.

பாடநூல்கள் காரணத்தை இப்படிச் சொல்லி வந்தன: கருவின் தொடக்கத்தில் எல்லா இதயமும் பஞ்சாகத்தான் இருக்கும், ஐந்தாம் வாரத்திலிருந்து எட்டாம் வாரத்துக்குள் அந்தச் சரடுகள் நெருங்கி இறுகிச் சுவராகும், இறுகல் பாதியில் நின்றால் இந்த நோய். கேட்க அழகான கதை. ஆனால் ஆம்ஸ்டர்டாமில் பியார்க்கெ யென்சன் உள்ளிட்டோர் மனிதக் கருக்களின் இதயங்களை அளந்து பார்த்து 2021-இல் வெளியிட்ட ஆய்வு, சரடுகள் இறுகிச் சுவராவதற்கு அளவுச் சான்று கிடைக்கவில்லை என்றது. சரடும் வளர்கிறது, சுவரும் வளர்கிறது. சுவர் வேகமாக வளர்வதால் சரடு சிறுத்ததுபோல் தெரிகிறது. அப்படியானால் 'இறுகாத' என்ற பெயரே கேள்விக்குரியதாகிறது. நோயின் பெயரிலேயே ஒரு கோட்பாட்டை ஏற்றி வைத்ததன் விளைவு இது.

அளவுகோல்களின் கதை

1984-இல் ஜெர்மனியில் எங்பெர்டிங், பெண்டர் என்ற இருவர், வளர்ந்த பெண் ஒருவரின் எக்கோவில் இந்தப் பஞ்சமைப்பைக் கண்டு எழுதினார்கள். அதுவரை பெரும்பாலும் பிரேதப் பரிசோதனை மேசையில், அதுவும் வேறு பிறவிப் பிழைகளோடு சேர்ந்து கிடைத்த ஒன்று உயிரோடிருப்பவர் நெஞ்சில் தென்பட்டது. 1990-இல் சின் என்பவரின் குழு எட்டு நோயாளிகளை வைத்து இதைத் தனி நோயாக நிறுவியது. ஜூரிக்கின் யென்னி குழு 2001-இல் கொடுத்த எக்கோ அளவுகோல் உலகெங்கும் பரவியது: இதயம் சுருங்கி முடியும் நொடியில் பஞ்சுப் பகுதியின் தடிமன், இறுகிய பகுதியின் தடிமனைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் இருக்க வேண்டும். 2005-இல் ஆக்ஸ்ஃபோர்டின் பீட்டர்சன் குழு எம்ஆர்ஐக்கு ஓர் அளவு சொன்னது: இதயம் விரிந்த நிலையில் 2.3 மடங்கு. ஒரு குழு சுருங்கிய நிலையில் அளக்கச் சொன்னது, இன்னொன்று விரிந்த நிலையில். வேறொரு குழு சரடுகளை எண்ணச் சொன்னது. மற்றொன்று பஞ்சுப் பகுதியின் எடை மொத்தத்தில் ஐந்திலொரு பங்கைத் தாண்டுகிறதா என்று பார்க்கச் சொன்னது.

ஜூரிக்கிலிருந்து 2000-இல் வந்த அறிக்கை எல்லோரையும் பயமுறுத்தியது. அங்கே எடுத்த எக்கோக்களில் 0.014 சதவீதத்தில்தான் இந்த நோய் இருந்தது. ஆனால் அப்படிக் கிடைத்த 34 பேரைச் சராசரியாக 44 மாதங்கள் கவனித்தபோது 12 பேர் இறந்துபோயிருந்தார்கள். பாதிக்கும் மேற்பட்டோருக்கு இதயச் செயலிழப்பு, நால்வரில் ஒருவருக்கு ரத்தக்கட்டி சார்ந்த சிக்கல். அரிய நோய், கொடிய நோய் என்ற படிமம் அங்கேதான் ஊன்றியது. அந்த 34 பேரும் ஏற்கெனவே நோய் முற்றிப் பெரிய மருத்துவமனைக்கு வந்தவர்கள் என்பது பின்னால்தான் உறைத்தது.

ஒரு மில்லிமீட்டர் செய்யும் நோயாளி

இந்த அளவுகோல் நடைமுறையில் எப்படி வேலை செய்கிறது என்று அருகில் போய்ப் பார்ப்போம். இருட்டறை, இடப்பக்கம் ஒருக்களித்துப் படுத்திருக்கிறார் ஒருவர். விலா எலும்புகளுக்கு இடையில் ஜெல் தடவிய கருவியை அழுத்துகிறார் எக்கோ எடுப்பவர். திரையில் சாம்பல் நிறத்தில் இதயம் துடிக்கிறது. சுருங்கிய கணத்தில் படத்தை நிறுத்தி, இறுகிய தசையின் இரு ஓரத்தையும் குறிக்கிறார்: 6 மில்லிமீட்டர். பஞ்சுப் பகுதி: 12 மில்லிமீட்டர். விகிதம் சரியாக 2. இரண்டுக்கு மேல் இல்லை, எனவே நோய் இல்லை. இப்போது முதல் குறியை ஒரே ஒரு மில்லிமீட்டர் உள்ளே தள்ளி வையுங்கள். இறுகிய தசை 5 ஆகிறது. விகிதம் 2.4. அதே மனிதர், அதே நாள், அதே படுக்கை. ரிப்போர்ட்டில் மட்டும் பிறவி இதயத் தசை நோய் என்று அச்சாகிறது.

இது வெறும் கணக்கு விளையாட்டு இல்லை என்பதற்குச் சான்றுகள் அடுத்தடுத்து வந்தன. லண்டனில் இதயச் செயலிழப்பு மருத்துவமனைப் பிரிவில் 199 நோயாளிகளை மூன்று வெவ்வேறு அளவுகோல்களால் சோதித்த 2008 ஆய்வில், 47 பேர் ஏதாவது ஒன்றுக்குள் அடங்கினார்கள். மூன்றுக்குமே அடங்கியவர்கள் அவர்களில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. ஒப்பீட்டுக்கு எடுத்த நலமான 60 பேரில் ஐவர் 'நோயாளி' ஆனார்கள். அமெரிக்காவில் 2012-இல், இதய நோயோ ரத்தக்கொதிப்போ இல்லாத 323 பேரின் எம்ஆர்ஐ படங்களை ஆராய்ந்தபோது, 43 சதவீதத்தினரிடம் ஏதேனும் ஒரு பகுதியில் 2.3 என்ற கோடு தாண்டியிருந்தது. அதே ஆய்வுத் தொகுதியில் 2,742 பேரை ஒன்பதரை ஆண்டு தொடர்ந்து கவனித்து 2014-இல் வெளியான முடிவு, சரடு அதிகம் உள்ளவர்களின் இதயம் மற்றவர்களைவிடக் கூடுதலாகத் தளரவில்லை என்றது.

இதயத்துக்கு வேலைப்பளு கூடினாலே சரடுகள் எடுப்பாகத் தெரியலாம் என்பதும் வெளிப்பட்டது. பிரிட்டனில் சப்னா கதி, சஞ்சய் சர்மா குழுவினர் 1,146 விளையாட்டு வீரர்களைச் சோதித்தார்கள். 18 சதவீதத்தினருக்குச் சரடுகள் மிகுந்திருந்தன. 8 சதவீதத்தினர் நோய்க்கான அளவுகோலையே தொட்டார்கள். ஈசிஜி மாற்றமும் பம்பிங் குறைவும் சேர்ந்து உண்மையில் கவலைப்பட வேண்டியவர்கள் ஒரு சதவீதத்துக்கும் கீழே. அதே குழு முதல் பிரசவத்துக்குக் காத்திருந்த 102 பெண்களைக் கர்ப்பம் முழுக்கப் பின்தொடர்ந்தது. நால்வரில் ஒருவருக்குக் கர்ப்ப காலத்தில் புதிதாகச் சரடுகள் தோன்றின. பிரசவத்துக்குப் பின் பெரும்பாலோருக்கு அவை மறைந்துவிட்டன. கர்ப்பத்தோடு வந்து பிள்ளைப்பேற்றோடு போவதைப் பிறவி நோய் என்று எப்படிச் சொல்வது?

நம் ஊரில் இதன் கனம் இன்னும் கூடுதல். ஏழு மாதக் கர்ப்பிணி ஒருத்தி, மூச்சு வாங்குகிறது என்று எக்கோ எடுக்கப் போகிறாள் என்று வைத்துக்கொள்வோம். ரிப்போர்ட்டில் 'பிறவி' என்ற ஒரு சொல் விழுந்தால் மாமியார் வீட்டில் அது 'மறைச்சுக் கட்டி வச்சுட்டாங்க' என்று மாறும். அவளுடைய தங்கைக்கு வரும் வரன் தட்டிப்போகும். கபடியில் மாவட்ட அணிக்குத் தேர்வான பையனுக்கு அதே சொல் விழுந்தால் ஆட்டமும் போகும், அந்த வழியாக வரக்கூடிய வேலையும் போகும். நோயைத் தவறவிட்டால் உயிர் போகலாம். இல்லாத நோயைச் சொன்னால் வாழ்க்கை முடங்கலாம்.

வகைப்பாட்டிலும் இந்தத் தள்ளாட்டம் தெரிந்தது. 2006-இல் அமெரிக்க இதயக் கழகம் இதை மரபணு வழி வரும் தசை நோய்களில் ஒன்றாகச் சேர்த்தது. 2008-இல் ஐரோப்பிய இதயவியல் சங்கம் 'வகைப்படுத்தாதது' என்ற அறையில் வைத்தது. 2023-இல் அதே ஐரோப்பியச் சங்கம் இது தனி நோயே இல்லை, 'மிகைச் சரடு' என்ற ஒரு தோற்றம் மட்டுமே என்று வழிகாட்டியிலிருந்து நோய்ப் பெயரை எடுத்துவிட்டது. அந்தத் தோற்றம் தசை தளர்ந்த நோயோடும் வரலாம், தடித்த நோயோடும் வரலாம், எந்த நோயும் இல்லாமலும் வரலாம்.

அதற்காக எல்லாம் பொய் என்று கையை உதறிவிட முடியாது. பம்பிங் குறைந்து, துடிப்பு தடுமாறி, வீட்டில் இன்னொருவருக்கும் அதே அமைப்பு இருந்தால் அது நோய்தான். மயோசின் புரதத்துக்கான எம்ஒய்எச்7 என்ற மரபணுவிலும் வேறு சிலவற்றிலும் உள்ள பிழைகள் அத்தகைய குடும்பங்களில் கிடைத்திருக்கின்றன. நெதர்லாந்தின் பீட்டர் பார்த் 1983-இல் விவரித்த நோய்க்கூட்டில் இதே பஞ்சுத் தசையோடு உடல் தசை பலவீனமும் வெள்ளணுக் குறைவும் சேர்ந்து, ஏறக்குறைய ஆண் குழந்தைகளை மட்டுமே தாக்கும்.

மதுரையிலிருந்து ஒரு மரபணு

படத்தில் நடந்த அதே கதை மரபணுவிலும் நடந்தது. அது நம் மண்ணோடு தொடர்புடையது.

பதினோராவது குரோமோசோமில் எம்ஒய்பிபிசி3 என்றொரு மரபணு உண்டு. இதயத் தசை இழைகளைக் கட்டி நிறுத்தும் புரதம் ஒன்றுக்கான சூத்திரம் அதில் இருக்கிறது. தெற்காசிய மக்களில் சிலருக்கு அந்த மரபணுவில் 25 எழுத்துகள் விடுபட்டிருக்கின்றன. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்த பெருந்துறை தண்டபாணி, ஐதராபாத் செல் மற்றும் மூலக்கூறு உயிரியல் மையத்தின் குமாரசாமி தங்கராஜ் உள்ளிட்ட பெரிய குழு 2009-இல் 'நேச்சர் ஜெனடிக்ஸ்' இதழில் இதைப் பற்றி எழுதியது. இந்தியத் துணைக்கண்ட வழியினரில் சுமார் 4 சதவீதத்தினர் இந்தக் குறையைச் சுமக்கிறார்கள். அவர்களுக்கு இதயத் தசை நோய் வரும் வாய்ப்பு ஏறக்குறைய ஏழு மடங்கு என்பது அவர்கள் முடிவு. நூறு பேரில் நால்வர் என்றால், மணப்பாறைச் சந்தையில் ஒரு புதன்கிழமை கூடும் கூட்டத்திலேயே எத்தனை பேர் தேறுவார்கள் என்று எண்ணிப் பாருங்கள். செய்தித்தாள்கள் எண்ணிப் பார்த்தன. ஆறு கோடி என்று தலைப்பிட்டன.

கேள்வி அங்கேயே தொங்கியது. இந்தக் குறையைச் சுமப்பவர்களில் பெரும்பாலோருக்கு ஏன் நோய் வருவதில்லை? அமெரிக்காவில் சக்திவேல் சடையப்பன் குழு, அங்கு வாழும் தெற்காசிய வழியினரைச் சோதித்து 2018-இல் ஒரு விடை சொன்னது: இந்த விடுபடலைச் சுமப்பவர்களில் பத்தில் ஒருவரிடம் அதே மரபணுவில் இன்னொரு பிழையும் சேர்ந்து வருகிறது, இதயத்தின் இயக்கத்தில் மாற்றம் தெரிவது அவர்களிடம்தான். 2020-இல் ஹார்ப்பர் குழு இதை மேலும் இறுக்கியது. தடித்த இதய நோயுள்ள தெற்காசியர்களை ஆராய்ந்து, 25 எழுத்து விடுபட்டிருப்பது மட்டுமே நோய்க்குக் காரணமில்லை, அதே மரபணுத் துண்டில் கூடவே பயணம் செய்யும் வேறொரு அரிய பிழைதான் குற்றவாளி என்றது. கூட்டத்தில் பக்கத்தில் நின்றதற்காக ஒருவரைப் பிடித்து உள்ளே வைத்த கதை.

முதல் ஆய்வு வீண் என்று இதற்குப் பொருளில்லை. எந்தத் தெருவில் தேட வேண்டும் என்பதை அதுதான் காட்டியது. வீட்டை அடையாளம் காண இன்னும் பதினோரு ஆண்டு தேவைப்பட்டது. இன்று ஒரு மரபணுச் சோதனை ரிப்போர்ட்டில் அந்த 25 எழுத்துக் குறை மட்டும் இருந்தால், அதை வைத்து ஒருவரை நோயாளி என்று சொல்லக் கூடாது. முன்பு சோதிக்கப்பட்ட ஒரு குடும்பத்தின் ரிப்போர்ட்டை இன்று மறுபடி எடுத்துப் படிக்க வேண்டியிருக்கிறது என்பதும் இதில் அடக்கம்.

வையம்பட்டியிலிருந்து புத்தூர் வரை

படத்தையும் நம்ப முடியாது, மரபணுவையும் தனியே நம்ப முடியாது என்றால் எதைத்தான் நம்புவது? ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்ப்பதுதான் வழி. திருச்சி–திண்டுக்கல் நெடுஞ்சாலையில் மணப்பாறை தாண்டி இருக்கும் வையம்பட்டியிலிருந்து அந்த வழி எப்படிப் போகும்?

முதல் படிக்கு மின்சாரம்கூட வேண்டாம். வீட்டுப் பெரியவர்களைக் கேட்க வேண்டும். மூன்று தலைமுறைக்கு யார் எந்த வயதில் எப்படிப் போனார்கள் என்று ஒரு தாளில் எழுதினால் போதும். நாற்பது வயதுக்குள் திடீரென்று இறந்தவர் உண்டா? கிணற்றில் நீந்தத் தெரிந்தவரே மூழ்கியது உண்டா? நேர்ச் சாலையில் பைக்கிலிருந்து விழுந்து இறந்தவர்? வலிப்பு என்று மருந்து சாப்பிட்டும் அடங்காதவர்? 'பம்பிங் கம்மி' என்று மருந்து தின்றவர், பேஸ்மேக்கர் வைத்தவர்? தாய்வழியில் ஆண் குழந்தைகள் மட்டும் அடுத்தடுத்துத் தவறியதுண்டா? கடைசிக் கேள்விக்கு 'ஆமாம்' என்றால் பார்த் சொன்ன நோய்க்கூடு நினைவுக்கு வர வேண்டும். இந்த விவரமெல்லாம் ஆஸ்பத்திரிக் கோப்பில் இருக்காது. அப்பத்தாவிடம் இருக்கும்.

நம் பக்கம் இந்தத் தாளில் இன்னொரு கோடும் போட வேண்டியிருக்கும். தமிழ்நாட்டில் நான்கில் ஒன்றுக்கு மேற்பட்ட திருமணம் ரத்த உறவுக்குள் நடக்கிறது. இத்தகைய தசை நோய்களில் பல, பெற்றோரில் ஒருவரிடமிருந்து வந்தாலே போதும். பிள்ளைக்கு வர இரண்டில் ஒரு வாய்ப்பு. தாய்மாமனைக் கட்டிய வீட்டில் இரு பக்கமிருந்தும் ஒரே பிழை வந்து சேரலாம். அப்போது நோய் சிறு வயதிலேயே, கடுமையாக வெளிப்படும். இதைச் சொல்வது உறவுத் திருமணம் செய்தவர்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதற்காக இல்லை. எந்தப் பிள்ளைகளை முதலில் சோதிக்க வேண்டும் என்று தெரிந்துகொள்வதற்காக.

இரண்டாம் படி, மயக்கத்தை விசாரிப்பது. வெயிலில் வெகுநேரம் நின்றதும் கண் இருட்டி, வியர்த்து, மெல்லச் சரிந்தால் பெரும்பாலும் பயமில்லை. ஓடும்போதே, படி ஏறும்போதே, முன்னறிவிப்பில்லாமல் விழுந்தால் அது வேறு. மலைக்கோட்டைப் படியில் பாதியில் நின்று மூச்சு வாங்கும் ஐம்பது வயதுக்காரரைவிட, ஓட்டப்பந்தயத்தின் நடுவில் ஒரு நொடி விழுந்து எழுந்து 'ஒண்ணுமில்லைக்கா' என்கிற பள்ளி மாணவிதான் உடனே பார்க்கப்பட வேண்டியவள்.

மூன்றாவது, ஸ்டெதாஸ்கோப். தடித்த இதய நோயின் ஒரு வகையில் ரத்தம் வெளியேறும் பாதை நெரிபடும். அங்கே ஒரு சத்தம் கேட்கும். நோயாளியைக் குத்தவைக்கச் சொன்னால் சத்தம் குறையும், சட்டென்று எழுந்து நிற்கச் சொன்னால் கூடும். வால்வு சுருங்கிய நோயில் இதற்கு நேர்மாறு. இந்தச் சோதனைக்கு ஆகும் செலவு, அரை நிமிடம். குத்தவைப்பது நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியதும் இல்லை.

நான்காவது, ஈசிஜி. ஆரம்ப சுகாதார நிலைய அளவிலேயே கிடைப்பது. தடித்த இதய நோயுள்ளவர்களில் பெரும்பாலோருக்கு ஈசிஜி ஏதோ ஒரு விதத்தில் பிசகியிருக்கும். எக்கோவில் தடிமன் தெரிவதற்கு முன்பே பிசகுவதும் உண்டு. இருபது வயதுக்காரரின் தாளில் பக்கவாட்டு லீடுகளில் டி அலை தலைகீழாக இருந்தால், 'வயசுக்கு ஒண்ணும் இருக்காது' என்று மடித்து வைத்துவிடக் கூடாது.

அடுத்துதான் எக்கோ. மணப்பாறையிலிருந்து திருச்சி புத்தூர் பெரியாஸ்பத்திரி வரை ஏதோ ஓரிடத்தில் அது எடுக்கப்படும். தடிமன் 15 மில்லிமீட்டரைத் தொட்டால், ரத்தக்கொதிப்பு போன்ற வேறு காரணம் இல்லையென்றால், தடித்த தசை நோய் எனலாம். நோய் உறுதியான வீட்டின் உறவினருக்கு 13 போதும். பஞ்சுச் சரடுகள் தெரிந்தால் விகிதத்தோடு நிறுத்தாமல் மூன்று கேள்வி கேட்க வேண்டும். பம்பிங் குறைந்திருக்கிறதா? ஈசிஜி பிசகியிருக்கிறதா? குடும்பத்தில் வேறு யாருக்காவது? மூன்றுக்கும் 'இல்லை' என்றால் 'மிகைச் சரடு, நோயில்லை' என்று எழுதித்தரும் துணிவு மருத்துவருக்கு வேண்டும். ஒன்றுக்கு 'ஆம்' என்றாலும் எம்ஆர்ஐ, இருபத்துநான்கு மணி நேர ஹோல்ட்டர், தேவைப்பட்டால் மரபணு என்று மேலே போகலாம். எம்ஆர்ஐயின் பெரிய பயன் சரடுகளை எண்ணுவதில் இல்லை. தசைக்குள் தழும்பு விழுந்திருக்கிறதா என்று காட்டுவதில்தான்.

மரபணுச் சோதனை கடைசியில் வருவதற்கும் காரணம் உண்டு. நோய் உறுதியான ஒருவரிடம் பிழை கிடைத்தால், அந்த ஒரு பிழையை மட்டும் அண்ணன் தம்பிகளிடம் தேடலாம். இல்லாதவர்களை ஆண்டுதோறும் எக்கோவுக்கு அலையவிடாமல் விடுவிக்கலாம். நோயே உறுதியாகாதவரிடம் தொடங்கினால், பொருள் தெரியாத எழுத்து மாற்றங்கள் வரிசையாகக் கிடைக்கும். அவற்றோடு குடும்பம் திண்டாடும்.

குழந்தையின் நெற்றி வியர்வை

கைக்குழந்தையிடம் இந்த நோய் வேறு வேடத்தில் வரும். நெஞ்சு வலி என்று அது சொல்லாது. பால் குடிப்பதுதான் அதன் ஓட்டப்பந்தயம். இரண்டு மடக்கு குடித்ததும் விட்டுவிட்டு மூச்சு வாங்கும். நெற்றியும் தலையும் வேர்த்து அம்மாவின் முழங்கை நனையும். மறுபடி முட்டும், மறுபடி விடும். எடை ஏறாது. சளி என்பார்கள், மாந்தம் என்பார்கள், பால் பத்தவில்லை என்பார்கள். எக்ஸ்ரேயில் இதயம் பெருத்திருப்பது தெரிந்த பிறகே எக்கோ நினைவுக்கு வரும்.

இங்கே ஒரு பெரிய எச்சரிக்கை தேவை. பெருத்துத் தளர்ந்த பிஞ்சு இதயத்தைக் கண்டதும் 'பிறவித் தசை நோய், ஒன்றும் செய்வதற்கில்லை' என்று முடித்துவிடக் கூடாது. அதே தோற்றத்தில் வரும், குணப்படுத்தக்கூடிய நோய்கள் சில உண்டு. இடது இதயத் தமனி பிறவியில் தவறான குழாயிலிருந்து கிளம்பியிருக்கலாம். ஈசிஜியில் முதல் லீடிலும் ஏவிஎல் லீடிலும் ஆழமான க்யூ அலை அதைக் காட்டிக்கொடுக்கும். அறுவை செய்து குழாயை இடம் மாற்றினால் தசை தேறும். இடைவிடாத வேகத் துடிப்பே தசையைத் தளர்த்தியிருக்கலாம். துடிப்பை அடக்கினால் தசை மீளும். தசை தளர்ந்து துவண்டு, இதயம் தடித்திருந்தால் பாம்ப் (Pompe) நோயாக இருக்கலாம். அதற்கு 2006 முதல் நொதி மருந்து இருக்கிறது, விலைதான் எட்டாத உயரத்தில்.

இவற்றில் மிக எளியது கால்சியம் குறைவு. தாய்க்கு வைட்டமின் டி குறைவாயிருந்து, தாய்ப்பால் மட்டுமே குடிக்கும் குழந்தைக்கு ரத்தக் கால்சியம் விழுந்தால், இதயத் தசை சுருங்கும் வலுவை இழக்கும். இங்கிலாந்தில் 2008-இல் வெளியான ஓர் ஆய்வில், இப்படி வந்த 16 குழந்தைகள் தெற்காசிய, ஆப்பிரிக்க வழிக் குடும்பங்களைச் சேர்ந்தவை. அவற்றில் மூன்று இறந்தன. இரண்டு, இதய மாற்று சிகிச்சைக்கே அனுப்பப்பட்டிருந்தன. பிழைத்தவை கால்சியமும் வைட்டமின் டியும் கொடுக்கத் தேறின. இத்தனை வெயில் உள்ள ஊரில் வைட்டமின் டி குறையுமா என்று கேட்கலாம். வீட்டுக்குள்ளேயே இருக்கும் பச்சை உடம்புக்காரிக்கும் வெயில் படாத பிள்ளைக்கும் குறையும். இதய மாற்றைப் பற்றிப் பேசும் முன் ஒரு கால்சியம் சோதனை செய்ய வேண்டும்.

தீராத கேள்விகள்

சில முடிச்சுகள் இன்னும் அவிழவில்லை. சரடு மிகுந்தவருக்கு ரத்தம் இளக்கும் மருந்து எப்போது தர வேண்டும்? இடுக்குகளில் ரத்தம் தேங்கிக் கட்டி உண்டாகும் என்று முன்பு எல்லோருக்கும் தந்தார்கள். பம்பிங் குறைந்தவருக்கும், மேலறைத் துடிப்பு தடுமாறுபவருக்கும், ஏற்கெனவே கட்டி உள்ளவருக்கும் தந்தால் போதும் என்ற பக்கமே இன்று சாய்ந்திருக்கிறது. அடுத்தது, எந்த அளவை நம் இயல்பு என்பது. இங்கே சொன்ன அளவுகோல்கள் அனைத்தும் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் வார்க்கப்பட்டவை. லண்டன் ஆய்வில் நலமாயிருந்தும் நோய் வரம்புக்குள் விழுந்த ஐவரில் நால்வர் கறுப்பினத்தவர் என்பது, இனத்துக்கு இனம் இதயத்தின் இயல்பே மாறலாம் என்று காட்டுகிறது. தமிழ்நாட்டு நலமான இதயத்துக்கு எத்தனை சரடு இயல்பு என்பதை இங்கேதான் அளக்க வேண்டும்.

அதுவரை நம் கையில் இருப்பது, பல சிறு சான்றுகளை ஒன்றாகக் கோக்கும் வேலை. கருவி அந்த வேலைக்கு உதவும். ஆனால் கோக்கும் நூல் குடும்பக் கதைதான், அது சாவு வீட்டில்தான் முதலில் வெளியே வருகிறது. அடுத்த முறை வாசலில் யாராவது "நெஞ்சடைச்சுப் போயிட்டார்" என்று சொல்லும்போது, இரண்டு கேள்வி சேர்த்துக் கேட்கலாம்: "எந்த வயசுல? என்ன பண்ணிட்டிருந்தப்ப?" பதில் இருபது வயது, ஓடிக்கொண்டிருந்தபோது என்று வந்தால், பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் அண்ணனையும் தங்கையையும் ஓர் ஈசிஜிக்கு அழைத்துப் போவது உறவுக்காரர்களின் கடமைகளில் ஒன்றாகச் சேர வேண்டும்.